செங்கை மண்ணில் மான்கள்: தேய்வும் மீட்சியும்

மான் என்றதும் நமக்கு இராமகாதையின் மாயமானும் சகுந்தலை வளர்த்த மான்கன்றும் நினைவுக்கு வரும். ஆனால் மானைக் காணக் காவியம் வரை போக வேண்டியதில்லை. மாமல்லபுரம் வரை போனால் போதும். அருச்சுனன் தபசு என்று நாம் வழங்கும் பெரும்பாறையில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி யானைகளோடும் தவப்பூனையோடும் மான்களையும் செதுக்கி வைத்தான். அவற்றுள் ஒன்று பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்து கொள்கிறது. மானை அருகிருந்து பார்த்தவனுக்கே இந்த அசைவு கைவரும். அந்தக் கல்மானைக் கண்டு மகிழ்ந்து திரும்பும் நாம், உயிருள்ள மான் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் அக்கேள்விக்கு விடைகாண முயல்கிறேன்.

இருவகை மான்கள்

இங்கே நாம் அறிய வேண்டியவை இரண்டு. ஒன்று புள்ளிமான், மற்றொன்று வெளிமான். வெளிமானைப் புல்வாய் என்றனர் பழந்தமிழர். அதன் ஆணுக்கு இரலை, கலை என்னும் பெயர்கள் உரியன என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கிறது.

புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டு வளர்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கும். வெளிமானின் கொம்போ முறுக்குடையது, கிளையற்றது, உதிராதது. எனவே விலங்கியலார் வெளிமானை ஆடு மாடுகளின் குடும்பத்தில் சேர்ப்பர். தமிழ் வழக்கில் இரண்டும் மானே.

வாழும் நிலத்திலும் இவை வேறுபடுகின்றன. புள்ளிமான் புல்லும் தழையும் உதிர்ந்த கனியும் தின்னும். மர நிழலை நாடும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். தொலைவில் வரும் பகையைக் கண்டு ஓடுவதே அதன் தற்காப்பு. புதர் மண்டிய இடத்தில் அதன் கண்ணும் பயன்படாது, காலும் பயன்படாது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

தேய்ந்த வரலாறு

வட இந்திய மன்னர்கள் சிவிங்கிப்புலியைப் பழக்கி வெளிமானை வேட்டையாடினர். பின்னர் துப்பாக்கி வந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஜீப் விளக்கொளியில் இரவு வேட்டை தொடர்ந்தது. எனினும் துப்பாக்கியைவிடப் பெருங்கேடு செய்தது நில மாற்றமே. கரம்புகள் உழப்பட்டுக் கொல்லைகளாயின. கடலோர மணல்வெளிகள் சவுக்குத் தோப்புகளாயின. மேய்ச்சல் புறம்போக்குகள் பின்னாளில் மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறின. புல்வெளியை நாம் 'தரிசு' என்கிறோம். அந்தப் பெயரை இட்டபோதே அதன் விதி முடிந்துவிட்டது எனலாம்.

இதே மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வந்திருக்கின்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாயிற்று. மானோ வயலை மேய்ந்தது. ஆகவே பறவைக்குக் கிடைத்த பாதுகாவலர் மானுக்குக் கிடைக்கவில்லை.

கிண்டி தந்த புகலிடம்

மானுக்குப் புகலிடம் தந்தது, விந்தையாக, ஆளுநரின் வேட்டைக்காடு! அன்று செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தில் இருந்த கிண்டியில், ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்த ஏறத்தாழ 500 ஹெக்டேர் நிலம் 1910இல் காப்புக்காடாக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அதன் ஒரு பெரும்பகுதி, 1959இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கும், வேறு பகுதிகள் தலைவர்களின் நினைவு மண்டபங்களுக்கும் சென்றன. எஞ்சிய 270 ஹெக்டேர் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று.

இதற்கிடையே 1967இல் கோடியக்கரை சரணாலயம் அமைந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்தது. பயன் தெரிந்தது. 1970களின் இறுதியில் இந்தியாவில் ஏறத்தாழ 24,000 என மதிப்பிடப்பட்ட வெளிமான்கள், 2001இல் 50,000 ஆயின. ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும் விலங்கும், கொல்லாமல் விட்டால் இவ்வளவு விரைவில் பெருகும்!

பிற நாடுகளும் பிற மாநிலமும்

சீனத்துப் பேரரசரின் வேட்டைத் தோட்டத்தில் மட்டும் எஞ்சியிருந்த ஒரு மானினத்தை, 1865இல் பாதிரியார் ஆர்மண்ட் டேவிட் ஐரோப்பியருக்கு அறிவித்தார். வெள்ளத்தாலும் போராலும் அது தாய்நாட்டில் அழிந்தது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு கோமகன் தம் தோட்டத்தில் திரட்டிய சிறு மந்தையே இனத்தைக் காத்தது. 1985இல் அம்மான் சீனத்துக்குத் திரும்பியது.

மணிப்பூரின் சங்காய் மான் 1975 கணக்கெடுப்பில் 14 மட்டுமே இருந்தது. 2016இல் 260 ஆயிற்று. ஆயினும் அது வாழும் லோக்டாக் ஏரியில், அணையால் நீர்மட்டம் உயர்ந்தே நிற்பதால், மிதக்கும் புல்திட்டுகள் மெலிந்து வருகின்றன. மான் பெருக, அதன் காலடி நிலம் கரைகிறது!

எண்ணிக்கை மட்டும் போதுமா?

கிண்டி கற்பிக்கும் பாடமும் இதுவே. தொழில்நுட்பக் கழக வளாகத்துச் சாலையில் ஒரு காலைப்பொழுது நடந்தேன். புள்ளிமான்கள் கூட்டங்கூட்டமாக மேய்ந்து கொண்டிருந்தன. வெளிமானைக் காணத்தான் கண்கள் தேடிக் களைத்தன. இத்தனைக்கும், புள்ளிமான் இங்குப் பின்னாளில் கொண்டுவந்து விடப்பட்டது என்பர். வெளிமானே வெட்டவெளியின் பழங்குடி. இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே மதில். பின் ஏன் இந்த வேறுபாடு? மரமும் புதரும் அடர, புள்ளிமானுக்கு வீடு பெரிதாகிறது, வெளிமானுக்குச் சுருங்குகிறது. சீமைக்கருவேல் போன்றவை திறந்த வெளியை விழுங்குகின்றன. தெருநாய்கள் குட்டிகளைக் குதறுகின்றன. மதிலுக்கு வெளியே வேறு மந்தை இல்லாமையால் புதுக்குருதி சேர வழியில்லை. மரம் நடுவது எங்கும் எப்போதும் நன்றே என்று எண்ணும் நமக்கு இது கசப்பான உண்மை.

ஆதலின் மானைக் காப்பது என்றால் அதனதன் நிலத்தைக் காப்பதே ஆகும். நாம் செய்யக் கூடியவையும் உண்டு. வளாகங்களில் பிளாஸ்டிக் பைகளை எறியாதிருக்கலாம். மானின் இரைப்பைக்குள் அவை செல்வது உயிருக்கே உலை. நம் ஊரில் எஞ்சியுள்ள மேய்ச்சல் புறம்போக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் கேட்டறிந்து எழுதி வைக்கலாம். முல்லைக்கு மானை உரியதாக்கிய மரபு நம்முடையது. மானுக்கு முல்லையை உரியதாக்கும் பொறுப்பும் நம்முடையதே.