மெர்போக்கைத் தாண்டி, மூடா ஆற்றைத் தாண்டி

கெடாவில் ஓவியம் படிக்க ஆசைப்படும் தமிழ்ப் பிள்ளையிடம் வரைபடம் விளையாட்டுக் காட்டுகிறது. குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக். அங்கே மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெடா வளாகம் இருக்கிறது; கலை, வடிவமைப்புத் துறையும் உண்டு. ஆனால் அதன் இளங்கலை இடங்கள் பூமிபுத்ரா மாணவர்களுக்கானவை. பக்கத்திலேயே செமிலிங். ம.இ.கா.வின் முயற்சியில் எழுந்து 2001இல் வகுப்புகளைத் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று நிற்பது அங்கேதான். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல், வணிகம் என்று வரிசையாகப் படிப்புகள். ஓவியமும் சிற்பமும் அந்த வரிசையில் இல்லை.

படிப்பு இருக்கும் இடத்தில் இடம் கிடையாது. இடம் கிடைக்கும் இடத்தில் படிப்பு கிடையாது. எனவே சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கத்துப் பிள்ளை மூடா ஆற்றைத் தாண்டி, கடலையும் தாண்டி, பினாங்குத் தீவின் குளுகோர் வரை போகவேண்டியிருக்கிறது. அங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972இல், மானுடவியல் துறையின் ஒரு பகுதியாக, நுண்கலைப் படிப்பு தொடங்கியது. பெயரில் அறிவியல் இருப்பதால் அங்கே தூரிகை பிடிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்பதைப் பல பெற்றோர் நம்புவதில்லை. தூரம் ஒன்றும் பெரிதில்லை. 2015இலிருந்து சுங்கைப்பட்டாணி வழியாகப் பட்டர்வொர்த்துக்கு மின்ரயில் ஓடுகிறது. 1985இல் திறந்த பினாங்குப் பாலம் வழியாகக் காரில் போனால் பல்கலைக்கழகம் பாலத்துக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. உண்மையான தூரம் படிவம் நான்கில் தொடங்குகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கெடா மண்ணுக்கு ஓவியம் அந்நியமானதல்ல. யான் வட்டாரத்தில், நெல் வயல்கள் சூழ்ந்த சுங்கை லீமாவ் டாலாம் கிராமத்தில் 1936இல் பிறந்தவர் இப்ராஹிம் ஹுசேன். அவர் இளைஞராக இருந்தபோது மலாயாவில் இப்படி ஒரு படிப்பே கிடையாது. ஓவிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கோலாலம்பூர்ச் சிறப்பு ஆசிரியர் கல்லூரி 1960இல்தான் வந்தது. பிற்பாடு பல்கலைக்கழகமான மாரா கழகத்தின் கலைப்பள்ளி 1967இல். ஆகவே 1956இல் அவர் சிங்கப்பூரின் நன்யாங் நுண்கலைக் கழகத்துக்குப் போனார். பிறகு லண்டன்: முதலில் பயாம் ஷா ஓவியப் பள்ளி, அடுத்து ராயல் அகாடமி. அங்கிருந்து நியூயார்க். யானில் பிறந்த ஒருவர் ஓவியராவதற்கு உலகத்தில் பாதியைச் சுற்றவேண்டியிருந்த காலம் அது.

1970இல் அவர் வரைந்த 'என் தந்தையும் விண்வெளி வீரரும்' என்ற படத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். முந்தைய ஆண்டு ஜூலையில் மனிதன் நிலவில் கால் வைத்திருந்தான். அந்தப் படத்தில் கைலி கட்டிய கிராமத்துத் தந்தை ஒரு பக்கம். கவசம் போன்ற உடுப்புக்குள் விண்வெளி வீரர் மறுபக்கம். இருவருக்கும் ஒரே மரியாதை. தந்தையின் முகத்தை அச்சு அசலாக வரையும் திறமை எந்தக் கம்பத்திலும் எந்தத் தோட்டத்திலும் ஒருவருக்காவது இருக்கும். அந்த முகத்துக்குப் பக்கத்தில் விண்வெளி வீரரை நிறுத்தலாம் என்று தோன்றுவது வேறு விஷயம். ஸ்டூடியோக் கலைப் படிப்பு பழக்கிவிட முயல்வது இந்த இரண்டாவதைத்தான். இதைப் பெற்றோருக்கு விளக்குவதுதான் கடினம். "அவனுக்குத்தான் நல்லாப் படம் போட வருதே, அப்புறம் எதுக்கு மூணு நாலு வருசம்?" என்பது நியாயமான கேள்வி.

அந்த ஆண்டுகளில் என்ன நடக்கிறது? தொடக்கத்தில் கோடு, நிழல், வண்ணம், மனித உடலமைப்பு என்று கைக்குப் பயிற்சி. பிறகு ஓவியம், சிற்பம், அச்சுக்கலை போன்றவற்றில் ஒன்றைப் பற்றிக்கொள்ளவேண்டும். அச்சுக்கூடத்தில் உலோகத் தகட்டை அமிலத்தில் அரிக்கவைத்து, மை தடவித் துடைத்து, உருளைக்கு அடியில் கொடுத்துத் தாளில் இறக்கவேண்டும். ஒரு படிக்கே ஒரு பகல் போய்விடும். சிற்பக் கூடத்தில் பற்றவைப்புக் கருவி, பிளாஸ்டர், மரத்தூள். கூடவே கலை வரலாறு உண்டு, கட்டுரை எழுதவேண்டும், தேர்வும் எழுதவேண்டும். "படம் வரையுறவனுக்குப் புத்தகம் எதுக்கு" என்று நம்பி வந்தவர்கள் இங்கே திணறுவார்கள்.

எல்லாவற்றையும்விடப் பதம் பார்ப்பது 'கிரிட்டிக்' எனப்படும் விமர்சன வகுப்பு. வாரக்கணக்கில் செய்ததைச் சுவரில் மாட்டிவிட்டு எதிரே நிற்கவேண்டும். விரிவுரையாளரும் சக மாணவர்களும் கேட்பார்கள்: ஏன் இந்த அளவு, ஏன் இந்த நீலம், இது யாருக்காக? தமிழ்ப்பள்ளியிலிருந்து ஓவியப் போட்டிகளில் முதல் பரிசையே வாங்கிப் பழகிய பிள்ளைக்கு இது முதல் அடி. பரிசு தருகிறவர்கள் காரணம் கேட்டதில்லை. இறுதியாண்டில் இதே கேள்விகளுக்குப் பதிலாக ஒரு கண்காட்சியையே நிறுத்தவேண்டும்.

தமிழர்களில் இந்தப் பாதையில் முன்னே போனவர்கள் இல்லாமல் இல்லை. சையத் தாஜுதீன் 1943இல் இராமநாதபுரம் சீமையின் அழகன்குளத்தில் பிறந்து, சிறுவனாகவே பினாங்குக்கு வந்தவர். ஓவியம் படிக்க அவர் தேர்ந்தெடுத்தது லண்டனை அல்ல, சென்னையை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளிதான் பிற்காலத்தில் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியானது. தேவிபிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். அறுபதுகளின் இறுதியில் தாஜுதீன் அங்கே சேர்ந்தபோது, சோழமண்டல ஓவியர் கிராமம் அப்போதுதான் உருவாகியிருந்தது. பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே ரஜூலா கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தவர் 1974இல் மாரா கழகத்தில் விரிவுரையாளரானார். சீதையை அனுமன் காணும் காட்சியைத் தமிழ் முஸ்லிம் ஒருவர் வரைய, அதைத் தேசியக் கலைக்கூடம் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது என்பது இந்த நாட்டின் கலை வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அழகு.

கிள்ளானில் பிறந்த குமாரி நாகப்பன் வேறொரு தினுசு. லண்டனில் உள் அலங்கார வடிவமைப்புப் படித்தவர். நுண்கலையைப் பிற்பாடு சிங்கப்பூர் லாசால் கல்லூரியில் படித்தார். சிங்கப்பூர்த் தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் சிவப்பு வெண்கல மிளகாய் அவருடையதுதான். 2006இல் வைத்தது. மிளகாய், சாதிக்காய், குன்றிமணி போலச் சிவந்த சாகா விதை என்று தமிழ் வீட்டுக்கும் இந்த மண்ணுக்கும் பழக்கமான பொருள்களை எடுத்து நகரத்தின் நடுவில் நிறுத்தியவர்.

இங்கேதான் தோட்டத்துப் பிள்ளையின் கையிருப்பைப் பார்க்கவேண்டும். காவடிச் சட்டத்தை வளைத்து மயிலிறகு கட்டுவதை, கோயில் வாசலில் கோலமாவு விழும் வேகத்தை, திருப்பணிச் சமயத்தில் சுதைச் சிற்பத்துக்குக் கண் எழுதுவதைப் பார்த்து வளர்ந்த கண் அது. இவற்றையெல்லாம் நாம் கைவேலை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கோபுர வேலை என்றால் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை அழைப்பது வழக்கம். 2006இல் பத்துமலையில் எழுந்த 42.7 மீட்டர் முருகன் சிலையும் இந்தியாவிலிருந்து வந்த சிற்பிகளின் கைவண்ணமே. அதில் குறை காண ஒன்றுமில்லை. மரபு அவர்களிடம் இருக்கிறது. ஆனால் இத்தனை கோயில் உள்ள சமூகத்தில் சிற்பம் படிக்கப்போகும் பிள்ளையைப் பார்த்து "வேலை கிடைக்குமா?" என்று கேட்பது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

இப்போது படிவம் நான்கு. கெட்டிக்காரப் பிள்ளை என்றால் அறிவியல் பாடங்கள்; அதோடு காட்சிக் கலைக் கல்வி பெரும்பாலும் கைவிடப்படுகிறது. எஸ்.பி.எம். முடிந்ததும் நம் பத்திரிகைகள் முழுக்க மெட்ரிகுலேஷன் இடங்களைப் பற்றிய பேச்சு. அறிவியல், கணக்கியல், பொறியியல் உள்ள மெட்ரிகுலேஷனில் கலைக்குப் பிரிவு கிடையாது. ஓவியப் பிள்ளைக்கு உகந்தது ஆறாம் படிவம். எஸ்.டி.பி.எம். தேர்வில் காட்சிக் கலை ஒரு முழுப் பாடமாகவே இருக்கிறது. ஆனால் எல்லாப் பள்ளிகளும் அதை நடத்துவதில்லை. எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று விசாரிப்பதற்குள் சேர்க்கை முடிந்துவிடும் குடும்பங்களும் உண்டு. கோலாலம்பூரில் 1967இலிருந்து இயங்கும் மலேசியக் கலைக் கழகம் போன்ற தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. பால்மரக் காட்டை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்து, அந்த வீட்டுக் கடனையே அடைத்துக்கொண்டிருக்கும் பெற்றோரால் அந்தக் கட்டணத்தை நினைத்துப் பார்க்க முடிவதில்லை. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பி.டி.பி.டி.என். கடனைக் கொண்டு ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் வண்ணமும் கேன்வாஸும் கடைசி வரை தனிச் செலவு.

வேலை விஷயத்தில் பொய் சொல்லிப் பயனில்லை. பட்டம் வாங்கியவுடன் ஓவியம் விற்றே வாழ்கிறவர்கள் சிலர்தான். ஆசிரியப் பயிற்சியைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறவர்கள், வரைகலை, அனிமேஷன் நிறுவனங்களில் சேர்கிறவர்கள், மேடை அமைப்பு, கலைக்கூடப் பணி என்று போகிறவர்களே அதிகம். 2012இல் ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் ஜார்ஜ்டவுன் தெருச் சுவர்களில் வரைந்த பிறகு, சுவரோவியத்துக்கும் கூலி உண்டு என்பதை இந்த நாட்டின் சிறு பட்டணங்கள்கூடப் புரிந்துகொண்டன.

அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் யு.பி.யு. வழியாகத்தான். மதிப்பெண்ணோடு முடிவதில்லை, நேர்காணல் இருக்கும், வரைந்தவற்றின் தொகுப்பையும் கேட்பார்கள். கைப்பேசியில் பார்த்து நகலெடுத்த நடிகர் முகங்களால் அந்தத் தொகுப்பை நிரப்பவேண்டாம். நேரில் பார்த்து வரைந்த, அழித்துத் திருத்திய, பாதியில் நின்ற பக்கங்கள்தான் பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்லும். சுங்கைப்பட்டாணியில் 1936இல் கட்டிய மணிக்கூண்டு இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, பசார் மாலாம் இருக்கிறது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் புக்கிட் பத்து பஹாட் கற்கோயிலின் அடித்தளம் வெயிலில் கிடக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து வரைய அங்கே போதுமான கல் இருக்கிறது.