அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோயா? மரபணு டெஸ்ட்டுக்கு முன்னாடி பணக் கணக்கு இதுதான்



உங்க அம்மா, சித்தி, அத்தை யாருக்காவது 50 வயசுக்குள்ள மார்பகப் புற்றுநோய் வந்திருக்கா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ஆண்களும் படிங்க, காரணம் கீழே இருக்கு. மருத்துவ முடிவை டாக்டர் சொல்வார். பணத்தில் எதை முதலில் செய்யணும்னு மட்டும் நாம பார்ப்போம்.

மார்பகப் புற்றுநோயில் சுமார் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருது. அதில் முக்கியமானவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற இரண்டு மரபணுக்கள். இவற்றில் பாதிப்பு உள்ள பெண்களில் 100-க்கு சுமார் 70 பேருக்கு 80 வயசுக்குள் மார்பகப் புற்றுநோய் வரலாம். அப்பா, அம்மா யாரிடம் அந்தப் பாதிப்பு இருந்தாலும், மகனோ மகளோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால அப்பா வழி உறவையும் கணக்கில் எடுங்க.

1. முதலில் இன்சூரன்ஸ்

ஹெல்த் பாலிசியும் டேர்ம் பாலிசியும் டெஸ்ட்டுக்கு முன்னாடியே உங்க கையில் இருக்கட்டும். 2019-ல் ஐஆர்டிஏஐ கொண்டுவந்த விதிப்படி, மரபணு நோய்களை மொத்தமா விலக்கி வைக்கிற நிபந்தனையை ஹெல்த் பாலிசியில் போட முடியாது. ஆனா புதுசா விண்ணப்பிக்கிறவருக்கு பிரீமியத்தை ஏத்தவோ, பாலிசியே தர மறுக்கவோ கம்பெனிக்கு இன்னும் வழி இருக்கு.

விண்ணப்பத்தில் குடும்பத்தில் புற்றுநோய் உண்டான்னு கேட்டிருந்தா, உண்மையை எழுதுங்க. டெஸ்ட் ஏற்கெனவே எடுத்திருந்து அதைப் பத்தி கேட்டா, அதையும் எழுதுங்க. பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பண்ண மறைச்சா, பின்னாடி பல லட்சம் கிளெய்ம் போயிடும்.

ஆபீஸ் குரூப் பாலிசி போதும்னு இருக்காதீங்க. வேலை போனா அதுவும் போயிடும்.

ஒரு விதிவிலக்கு: கட்டியோ வேறு மாற்றமோ தெரிஞ்சா, பாலிசிக்காக ஒரு நாள்கூட காத்திருக்காதீங்க. உடனே டாக்டரைப் பாருங்க.

2. டெஸ்ட்டுக்கு முன்னாடி கவுன்சலிங்

ஆன்லைனில் கிட் வாங்கி எச்சில் அனுப்புறதோடு இது முடியாது. மரபணு ஆலோசகர் மூணு தலைமுறை நோய் வரலாறு கேட்டு, டெஸ்ட் தேவையான்னு சொல்வார். மும்பை டாடா மெமோரியலில் இதுக்குத் தனி கிளினிக்கே இருக்கு.

நோய் வந்தவருக்கே முதலில் டெஸ்ட் எடுக்கிறது நல்லது. அம்மாவிடம் குறிப்பிட்ட மாற்றம் கிடைச்சா, உங்களுக்கும் தங்கைக்கும் அந்த ஒண்ணை மட்டும் தேடினால் போதும், செலவும் குறையும். அம்மாவிடம் பார்க்காம நேரா உங்களுக்கு எடுத்து ‘இல்லை’ன்னு வந்தா, அதை வச்சு முழுசா நிம்மதி அடைய முடியாது.

3. ரிசல்ட்டுக்குப் பிறகு வர்ற செலவு

‘பாசிட்டிவ்’னா நோய் வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஆனா வருஷா வருஷம் எம்ஆர்ஐ, 30 வயசுக்கு மேல மேமோகிராமும் சேர்த்து எடுக்கச் சொல்லலாம். வெறும் பரிசோதனைக்கு பெரும்பாலும் பாலிசியில் பணம் வராது. அதனால வருஷ ஸ்கேன் செலவை 12-ஆல் வகுத்து, மாசா மாசம் ஒரு ஆர்டியில் போடுங்க. தடுப்பு அறுவை சிகிச்சை பத்தி யோசிச்சா, பாலிசியில் அது கவராகுமான்னு கம்பெனியிடம் எழுத்துல கேட்டு வாங்குங்க.

‘அர்த்தம் உறுதியாகத் தெரியாத மாற்றம்’னும் ரிப்போர்ட் வரலாம். அதை மட்டும் வச்சு எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீங்க.

4. வரிச் சலுகை

பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு, தடுப்பு உடல் பரிசோதனைக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. அது தனியா கிடைக்காது, ஹெல்த் இன்சூரன்ஸ் கழிவுக்கான மொத்த வரம்புக்குள்ளேயே அடங்கும். எந்தெந்த டெஸ்ட் இதில் வரும்னு சட்டத்தில் பட்டியல் இல்லை. அதனால டாக்டர் சீட்டையும் பில்லையும் பத்திரமா வச்சிருங்க. புதிய வரி முறையில் இந்தக் கழிவு கிடையாது.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் யாருக்கு, எந்த வயசில், என்ன புற்றுநோய் வந்ததுன்னு வீட்டுப் பெரியவங்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்க. பாலிசி விண்ணப்பத்துக்கும் சரி, ஆலோசகருக்கும் சரி, முதலில் தேவைப்படுறது அந்தத் தாள்தான். அதுக்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை.