சிறப்புக் கல்விக்குத் தகுதி: அமெரிக்கச் சட்டத்தின் 13 பிரிவுகள்

குறைபாடுள்ள குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள மறுப்பது அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒரு காலத்தில் வழக்கமாகவே இருந்தது. பத்து லட்சம் குழந்தைகள் பொதுப்பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே நிறுத்தப்பட்டிருப்பதாக அந்நாட்டு நாடாளுமன்றமே 1975இல் பதிவு செய்தது. பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பெற்றோர் தொடுத்த வழக்குகள் 1972இல் அவர்களுக்குச் சாதகமாக முடிந்ததைத் தொடர்ந்து, குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லாத, தகுந்த கல்வியை உறுதி செய்யும் சட்டம் 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டின் கையெழுத்தைப் பெற்றது. 1990இல் ‘ஐடியா’ என்ற சுருக்கப் பெயரைப் பெற்ற இச்சட்டம் 3 முதல் 21 வயது வரையிலானவர்களுக்குப் பொருந்துகிறது. சிறப்புக் கல்விக்குத் தகுதி பெறுவோரை அதன் விதிகள் 13 பிரிவுகளாக வகுத்துள்ளன.

புலன்களையும் உடலையும் சார்ந்த பிரிவுகள் எளிதில் விளங்குபவை. கருவி பொருத்தினாலும் பேச்சைக் காதால் உணர முடியாத நிலை கேளாமை எனவும், அந்த அளவுக்குக் கடுமையாக இல்லாவிடினும் படிப்பைப் பாதிப்பது செவிக்குறைபாடு எனவும் பிரிக்கப்படுகின்றன. கண்ணாடி அணிந்த பிறகும் படிப்புக்குத் தடையாக நிற்கும் பார்வைக் குறைபாடு ஒரு பிரிவு. பார்வையும் செவித்திறனும் சேர்ந்து குன்றியிருப்பது மற்றொரு பிரிவு. எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றைச் சார்ந்த இயக்கக் குறைபாடும், விபத்து போன்ற வெளிக்காரணத்தால் நேர்ந்த மூளைக்காயமும் தனித்தனிப் பிரிவுகளாகும். திக்குதல், உச்சரிப்புச் சிக்கல் முதலியவை பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டில் அடங்கும்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், உணர்ச்சிசார் பாதிப்பு ஆகிய மூன்றும் வளர்ச்சியையும் நடத்தையையும் சார்ந்தவை. தற்காலிகச் சோர்வோ கோபமோ உணர்ச்சிசார் பாதிப்பாகக் கொள்ளப்படுவதில்லை. அது நீண்ட காலம் நீடித்து, குறிப்பிடத்தக்க அளவில் படிப்பைப் பாதிக்க வேண்டும் என்று விதி வரையறுக்கிறது. வலிப்பு, நீரிழிவு, ஆஸ்துமா ஆகியவற்றோடு கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் கோளாறும் ‘பிற உடல்நலக் குறைபாடு’ என்ற பிரிவில் வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்து, எந்த ஒன்றுக்குமான ஏற்பாட்டாலும் ஈடுகட்ட முடியாத தேவையை உண்டாக்கினால் அது பன்முகக் குறைபாடு எனப்படும்.

மிகுதியான மாணவர்களைக் கொண்ட பிரிவு, வாசிப்பதில் இடர் தரும் டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடாகும். வெளிப்பார்வைக்குத் தெரியாத காரணத்தால் ‘சோம்பேறி’ என்ற வசைக்கு மிகுதியாக ஆளாகிறவர்களும் இக்குழந்தைகளே. ஒரு பத்தியைத் தானே வாசிக்கும்போது சொல்லுக்குச் சொல் தடுமாறி, எழுத்தை மாற்றிப் படித்து, இறுதியில் பொருளையும் தவறவிடும் மாணவி, அதே பத்தியை ஆசிரியர் வாசித்துக் காட்டியதும் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாக விடை சொல்கிறாள் என்றால், இடர்ப்பாடு புரிந்துகொள்வதில் இல்லை, எழுத்தை ஒலியாக்குவதில்தான் இருக்கிறது என்பதை மதிப்பிடுபவர் உணர முடிகிறது. முன்பு இப்பிரிவில் தகுதி பெற, நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் படிப்பு மதிப்பெண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி விழும்வரை குழந்தை தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை மாநிலங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்று 2004ஆம் ஆண்டுத் திருத்தம் அறிவித்தது.

பிரிவு ஒன்றில் அடங்குவதால் மட்டும் தகுதி வந்துவிடாது. அக்குறைபாட்டின் விளைவாகக் குழந்தைக்குச் சிறப்புக் கல்வி தேவைப்படவும் வேண்டும். ஆஸ்துமா உள்ள ஒரு மாணவன் மருந்தின் துணையோடு மற்றவர்களைப் போலவே படித்துவந்தால் அவனுக்கு இச்சட்டம் பொருந்தாது. எனினும் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்கீழ் அவனுக்கு உரிய வசதிகளைப் பெற்றோர் கேட்கலாம்.

மதிப்பீட்டுக்குப் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் கட்டாயம். ஒப்புதல் கிடைத்த 60 நாளுக்குள், அல்லது மாநிலம் விதித்த காலக்கெடுவுக்குள், அது முடிய வேண்டும். ஒரே ஒரு தேர்வை வைத்து முடிவெடுக்க இயலாது. இயன்றவரை குழந்தைக்குப் பழக்கமான மொழியிலேயே சோதிக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசிய குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து அறிவுசார் குறைபாடு உள்ளவர்களாக முத்திரை குத்திய கொடுமை 1970இல் நீதிமன்றத்துக்குச் சென்ற வரலாறு இவ்விதியின் பின்னணியில் இருக்கிறது. ஆங்கிலத் தேர்ச்சி குறைவு என்பதே முதன்மைக் காரணமானால் அதைக் குறைபாடாகக் கருதக் கூடாது என்ற விதி, வீட்டில் தமிழ் மட்டுமே பேசி வளர்ந்து அங்கே பள்ளியில் சேரும் குழந்தைக்கும் காப்பாக அமைகிறது.

தகுதி உறுதியானதும் பெற்றோரும் ஆசிரியர்களும் வல்லுநர்களும் கூடி, தனிநபர் கல்வித் திட்டம் எனப்படும் எழுத்துவழி ஆவணத்தை வகுக்கின்றனர். அது ஆண்டுக்கு ஒருமுறையேனும் மறுபரிசீலிக்கப்படுகிறது. எந்தப் பயிற்சியை எவ்வளவு நேரம் அளிப்பது என்பதைப் பிரிவின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்தக் குழந்தையின் தேவையே அதைத் தீர்மானிக்க வேண்டும். உதவி தேவைப்படும் குழந்தை குறைபாடுள்ளதாகக் கருதப்பட்டால் போதும், அதற்குப் பிரிவுப் பெயர் சூட்டியே தீர வேண்டியதில்லை என்று சட்டமே கூறுகிறது. ஆகவே, பிரிவின் பெயரைக் கேட்டதும் மனம் உடைந்துபோகும் பெற்றோர், பெயரைவிடத் திட்டத்தில் எழுதப்பட்ட இலக்குகளையும் பயிற்சி நேரத்தையும் வரிவரியாகப் படித்துப் பார்த்து, போதாதென்று தோன்றினால் கேள்வி கேட்பதே பிள்ளைக்குச் செய்யும் பேருதவியாகும். அந்த உரிமையையும் அதே சட்டம் அவர்களுக்கு வழங்கியிருக்கிறது.