பூனைக்காலிப் பொடியும் திண்ணையில் தெரியும் ஆட்களும்

“திண்ணையில ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க, காப்பி குடு” என்று கைநடுக்கமுள்ள பெரியவர் சொன்னால், நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவோம். பார்க்கின்சன் நோயிலேயே இந்தத் தோற்றம் வரும். அதற்கான லெவோடோபா மாத்திரை கூடினாலும் வரும்.

வேலியோரப் பூனைக்காலி விதையில் இருப்பதும் அதே லெவோடோபாதான். 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். விதைக்கு விதை அளவு மாறும். இயற்கைதானே என்று மாத்திரையோடு பொடியும் கொடுத்தால் மருந்து கூடிப்போகும். டாக்டரிடம் பொடியையும் மறைக்காமச் சொல்லுங்க. மாத்திரையை நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. உடம்பு விறைத்து, காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். திடீர்க் குழப்பம் என்றால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்க. பிரமைக்கு வழக்கமாகத் தரும் ஹாலோபெரிடால் இவர்களுக்கு ஆகாது, விறைப்பைக் கூட்டும்.