பி.இ. முடித்தபின் எம்.இ. எதற்கு?

"இன்னும் என்ன படிப்பு?"

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் பாட்டி கேட்டார்கள். அக்கா அப்போது சிவில் பிரிவில் பி.இ. மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். மேலே எம்.இ. படிக்க ஆசை என்று அவள் சொன்னதும் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றார்கள். பி.இ. படித்தால் வேலைக்குப் போகலாம் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேலும் என்ன படிப்பு, எத்தனை ஆண்டு, பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டால் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை. அக்காவின் பி.இ. படிப்புக்கு வாங்கிய கல்விக்கடன் வேறு அப்படியே நின்றது. "நீதானே எப்போதும் கேள்வி கேட்பவள்! இதையும் கேட்டு எழுதி வா" என்று அப்பா என்னிடம் சொன்னார்கள். அன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியதைத்தான், அன்புத் தோழிகளே, இங்கே உங்களுக்குத் தருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எம்.இ. என்றாலும் எம்.டெக். என்றாலும் முதுநிலைப் பொறியியல் பட்டம்தான். ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். இது 1978இல் தொடங்கப்பட்டது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிண்டி பொறியியல் கல்லூரி, 1944இல் பிறந்த அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 1949இல் குரோம்பேட்டையில் எழுந்த எம்.ஐ.டி., கட்டடக் கலைப் பள்ளி ஆகிய நான்கையும் இணைத்து உருவாக்கினார்கள். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் போன்றவற்றுக்கு எம்.இ. என்றும், இரசாயனம், நெசவு, தோல் போன்ற தொழில்நுட்பப் பாடங்களுக்கு எம்.டெக். என்றும் பட்டம் தருகிறார்கள். ஐ.ஐ.டி.க்களில் எல்லாமே எம்.டெக். தான்.

இதில் சேர பொருத்தமான பிரிவில் பி.இ. அல்லது பி.டெக். தேறியிருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 50 விழுக்காடு வேண்டும் என்பது நம் மாநிலச் சேர்க்கை விதி. அதன்பின் ஒரு நுழைவுத் தேர்வு. ஒன்று, அகில இந்திய அளவில் நடக்கும் கேட் தேர்வு. மற்றொன்று, நம் மாநிலத்துக்கென அண்ணா பல்கலைக்கழகம் 2023இலிருந்து நடத்தும் சீட்டா தேர்வு. அதற்குமுன் டான்செட் என்ற பெயரில் நடந்தது. டான்செட் இப்போது எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு மட்டுமே. இரண்டு தேர்வுகளில் கேட் எழுதுவதே நல்லது என்று என் நோட்டில் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கேட் தேர்வைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சென்னை உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.க்களும் முறைவைத்து நடத்துகின்றன. பிப்ரவரி மாதத்தில் கணினியில் எழுத வேண்டும். 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொது அறிவுத்திறனுக்கு; ஆங்கிலமும் எளிய கணக்கும் இருக்கும். விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியைத் தவறாக எழுதினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிந்துவிடும். நாமே கணக்குப் போட்டு எண்ணைத் தட்டெழுதும் கேள்விகளும் உண்டு. அவற்றில் தவறு செய்தால் கழிவு இல்லை. கால்குலேட்டர் கொண்டுபோகக் கூடாது. திரையிலேயே ஒன்று இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தத் திரைக் கால்குலேட்டரில் கை பழகவே அக்காவுக்கு ஒரு வாரம் பிடித்தது! பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே இத்தேர்வை எழுதலாம். வயது வரம்பு இல்லை. முடிவு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மதிப்பெண் செல்லும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதிதான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி பணத்தைப் பற்றி. எங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோன இடமே இதுதான். கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர மாணவியாகச் சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாதங்களுக்குக் கிடைக்கும். நான் இதைப் படித்துக் காட்டியபோது அம்மா நம்பவில்லை. "படிக்கிறவளுக்கு யாரடி சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேட்டார்கள். ஆனால் நிபந்தனைகள் உண்டு. சேரும் நாளில் கேட் மதிப்பெண் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். சேர்ந்தபின் அடுத்த ஆண்டு கேட் எழுதித் தேறினேன் என்றால் செல்லாது. பகுதி நேரமாகப் படிப்போருக்கும் கிடையாது. வேறு சம்பளமோ உதவித்தொகையோ அதே காலத்தில் வாங்கக் கூடாது. பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கே வரும். அக்காவின் பெயரும் முன்னெழுத்தும் வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தன. அதைத் திருத்த அப்பா இரண்டு நாள் விடுப்பு எடுக்க நேர்ந்தது. உங்கள் வீட்டில் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், தோழிகளே. சீட்டா மட்டும் எழுதிச் சேர்வோருக்கு இந்தத் தொகை இல்லை. நான் இரண்டு கோடு போட்டது இதற்காகத்தான்.

எம்.இ. இரண்டு ஆண்டு, அதாவது நான்கு பருவம். முதல் இரண்டு பருவங்களில் வகுப்பும் ஆய்வுக்கூடமும் அதிகம். பின்பு மாணவி தானே ஒரு சிக்கலை எடுத்து, ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ந்து, அறிக்கை எழுதி, நேர்முகத்தில் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். பாடங்களைக் குறைத்து ஆய்வைப் பெரிதாக்கிய எம்.எஸ். என்ற பட்டமும் சென்னை ஐ.ஐ.டி.யில் உண்டு.

அதற்கும் மேலே இருப்பது பிஎச்.டி. இதில் பாடம் சிறிது, ஆய்வே பெரிது. இதுவரை யாரும் கண்டு சொல்லாத ஒன்றைக் கண்டு சொல்ல வேண்டும். வழிகாட்டியைத் தவிர வெளியிலுள்ள அறிஞர் இருவராவது ஆய்வேட்டைப் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, மிகுதியாக ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகையும், பிள்ளைப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. "கலியாணம் ஆனால் பாதியில் நிற்குமே" என்ற பெரியம்மாவிடம் இந்த வரியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிப் படிப்படியாக ஏறிய ஒருவர் ராஜேஸ்வரி சட்டர்ஜி. கன்னட நாட்டுப் பெண்மணி. மைசூரில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்களுள் ஒருவர் அவருடைய பாட்டி. கணிதத்தில் எம்.எஸ்ஸி. பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அரசு உதவித்தொகையுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும், 1953இல் பிஎச்.டி. பட்டமும் பெற்றார். திரும்பி வந்து அதே கழகத்தில் மைக்ரோவேவ் என்னும் நுண்ணலைகளைப் பற்றிக் கற்பித்தார். அவரிடம் 20 பேர் பிஎச்.டி. முடித்திருக்கிறார்கள். என்ன பாட்டி, பேத்திகளைப் படிக்க வைத்த பாட்டிகளும் இருந்திருக்கிறார்களே என்று எங்கள் பாட்டியிடம் கேட்டேன். "அவள் படித்தவள், நான் அப்படியா?" என்றார்கள். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆனாலும் பாட்டியின் கேள்வி நியாயமானதுதான். பி.இ.யில் தெரியாத எதை எம்.இ.யில் சொல்லித் தருகிறார்கள்? அக்கா சேர்ந்திருப்பது மண் இயக்கவியலும் அடித்தளப் பொறியியலும். பி.இ.யில் மண்ணைப் பற்றி ஓரிரண்டு பாடங்களே படித்தாளாம். இப்போது இரண்டு ஆண்டும் மண்தான். எங்கள் ஊரில் கரிசல் பூமி. மழை பெய்தால் அந்தக் களிமண் நீரை உறிஞ்சி உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே நிற்கும் வீடும் அதனோடு ஏறி இறங்கும். பாட்டியின் அறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலுக்கு இதுதான் காரணமாக இருக்கலாம் என்றாள். கொத்தனார் மூன்று முறை பூசியும் அது மறையாததில் வியப்பில்லையாம்.

சென்ற விடுமுறைக்கு வந்தபோது அந்த விரிசலின் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதி வைத்துப் போயிருக்கிறாள். மழைக்காலம் முடிந்து அவள் மறுபடி வரும்வரை யாரும் அந்தச் சுவரில் சுண்ணாம்பு அடிக்கக் கூடாது என்று உத்தரவு. தினமும் காலையில் காப்பி குடித்ததும் பாட்டி எழுந்துபோய், விரிசல் கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு