அரிக்கொம்பன் ஹீரோ என்றால் வில்லன் யார்?

இந்த எபிசோடுக்கான ஐடியா எனக்குக் கிடைச்ச இடம், போடிமெட்டு ஏறுற வழியில மூணாவது கொண்டை ஊசி வளைவு.

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் போடிநாயக்கனூர். அக்கா, அக்கா பையன், அத்தை எல்லாரையும் கார்ல ஏத்திக்கிட்டு ஆனையிறங்கல் டேம் வரைக்கும் போயிட்டு வரலாம்னு கிளம்பினோம். போடிமெட்டுக்கு மொத்தம் 17 வளைவு. பையனுக்கு ஒன்பது வயசு. மூணாவது வளைவுலயே, "மாமா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, கதை சொல்லு"ன்னான். என்ன கதைடான்னு கேட்டா, "அரிக்கொம்பன் கதை."

சரின்னு ஆரம்பிச்சேன். ஒரு காட்டுல ஒரு வீரமான யானை. மனுஷங்க அதோட காட்டைப் பிடுங்கிட்டாங்க. மயக்க ஊசி போட்டு, லாரியில ஏத்தி, நாடு கடத்திட்டாங்க. யானை விடுமா? மலை மலையா தாண்டி, வீட்டைத் தேடிக் கிளம்பிடுச்சு. பையன் வாந்தியை மறந்துட்டான். நானும் நல்லாத்தான் சொல்றோம்னு நினைச்சுக்கிட்டேன்.

பின் சீட்ல இருந்த அத்தை கேட்டாங்க. "ஏய்யா, ஒன் கதையில ஜீப்பு வருமா?"

"எந்த ஜீப்பு அத்தை?"

"நாங்க மலைக்குப் போற ஜீப்பு."

என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இன்னைக்கு எபிசோடு.

ஜீப் விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். விடியறதுக்கு முன்னாடியே போடியில இருந்து ஜீப் ஜீப்பா ஆட்கள் மலை ஏறுவாங்க. பெரும்பாலும் பெண்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவோட இடுக்கி மாவட்டம். அங்க இருக்கற ஏலத் தோட்டத்துல வேலை பார்த்துட்டு சாயங்காலம் திரும்புவாங்க. அத்தை 20 வருஷத்துக்கு மேல அந்த ஜீப்ல போறவங்க. ஏலக்காய்ச் செடின்னு சொல்றோமே தவிர, அது ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். பெரிய மரங்களோட நிழல்ல, நெருக்கமா நிக்கும். காய் செடியோட அடியில இருக்கறதால குனிஞ்சுதான் எடுக்கணும். பக்கத்து வரிசையில யானை நின்னாலும் கண்ணுக்குத் தெரியாது.

இப்ப புத்தகத்துக்கு வருவோம். விலங்கு பேசுற கதை நமக்குப் புதுசு இல்ல. ஆனா பஞ்சதந்திரத்துல வர்ற சிங்கம் உண்மையில ராஜா, நரி மந்திரி. தோலை உரிச்சுப் பார்த்தா உள்ள மனுஷன்தான் இருப்பான். நான் பேசப் போற நாவல்கள் வேற ரகம். அதுல விலங்குக்கு விலங்கோட உடம்பு இருக்கும். அந்த உடம்பால என்ன முடியும், என்ன முடியாதுங்கறதுலதான் சாகசமே பிறக்கும்.

இதுக்கு என்னோட முதல் உதாரணம் ரிச்சர்ட் ஆடம்ஸ் எழுதிய 'வாட்டர்ஷிப் டவுன்'. 1972ல வந்த புத்தகம். இதுவும் கார்ல பிறந்த கதைதான். நீண்ட பயணத்துல தன்னோட ரெண்டு பொண்ணுங்களுக்கு ஆடம்ஸ் சொன்ன கதை இது. சில முயல்கள் தங்களோட வளையை விட்டுட்டு புது வீடு தேடிப் போகுது. ஒரு வரியில சொன்னா அவ்வளவுதான். ஆனா அவர் போட்ட கட்டுப்பாடுகளைப் பாருங்க. முயலுக்கு நாலு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதுக்கு மேல எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை, 'ரொம்ப'ங்கற அர்த்தத்துல. பயத்துல உறைஞ்சு நிக்கறதுக்குன்னு தனி வார்த்தை. மோட்டார் வண்டிக்கு 'ஹ்ருடுடு'ன்னு பேர், எஞ்சின் சத்தத்துல இருந்தே வர்ற பேர். முயல் எப்படி வாழுதுன்னு தெரிஞ்சுக்க ரொனால்ட் லாக்லியோட ஆராய்ச்சிப் புத்தகத்தை ஆடம்ஸ் கையில வச்சிருந்தார். கோடு எழுதுறவங்களுக்கு இது புரியும். கன்ஸ்ட்ரெயின்ட் எவ்வளவு இறுக்கமோ, டிசைன் அவ்வளவு சுவாரஸ்யம்.

அந்த நாவல்ல எனக்கு மறக்காத காட்சி தொடக்கத்துலயே வரும். வளைக்குப் பக்கத்துல யாரோ ஒரு பலகை நட்டிருக்காங்க. வீடு கட்டப் போறாங்கன்னு அதுல எழுதியிருக்கு. படிக்கிற நமக்கு விஷயம் தெரியும். முயலுக்கு அது வெறும் மரக்கட்டை. ஃபைவர்ங்கற குட்டி முயலுக்கு மட்டும் காரணமே தெரியாம உடம்பு நடுங்கும். நமக்குத் தெரிஞ்சது அதுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில வர்ற பதற்றத்தை வேற எந்த வகைக் கதையாலயும் இவ்வளவு சுலபமா கொண்டுவர முடியாதுன்னு நினைக்கிறேன்.

இதுக்கு நேர் எதிர், பிரையன் ஜாக்ஸோட 'ரெட்வால்', 1986. ஜாக்ஸ் லிவர்பூல்ல பால் வண்டி ஓட்டினவர். பார்வையற்ற குழந்தைகளோட பள்ளிக்குப் பால் கொண்டுபோன பழக்கத்துல அவங்களுக்குப் படிச்சுக் காட்ட எழுதின கதை இது. அதனாலதான் அதுல விருந்து வந்தா ஒவ்வொரு பதார்த்தத்தோட வாசனையும் ருசியும் பக்கம் பக்கமா வரும். படிச்சா பசிக்கும். ஆனா ஒரு பெரிய குறை உண்டு. சுண்டெலி நல்லவன், பெருச்சாளி கெட்டவன். கீரிப்பிள்ளை ஜாடையில இருக்கற வீசல், ஸ்டோட்டெல்லாம் ஏறக்குறைய எப்பவுமே கெட்டவங்க. எந்த இனத்துல பிறந்தோங்கறதே கேரக்டரை முடிவு பண்ணிடும். நம்ம ஊர்ல உக்காந்து இதைப் படிச்சா கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

கார்ல நான் சொன்னது என்னன்னா, ரெட்வால் கதைதான். பெருச்சாளி இருந்த இடத்துல மனுஷனை வச்சேன், அவ்வளவுதான். அந்த மனுஷக் கூட்டத்துல அத்தையும் இருக்காங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

நம்ம நாட்டுல இந்த வகை இல்லையான்னு கேப்பீங்க. 1927லயே இருக்கு. கல்கத்தா பக்கம் பிறந்து அமெரிக்கா போன தன் கோபால் முகர்ஜி 'கே-நெக்'னு ஒரு புறாவோட கதையை இங்கிலீஷ்ல எழுதினார். 1928ல அமெரிக்காவோட நியூபெரி மெடல் அதுக்குக் கிடைச்சது. கல்கத்தாவுல வளர்ந்த அந்தப் புறா முதல் உலகப் போர்ல தூது போகுது. ஆனா போர் முடிஞ்சதோட கதை முடியல. திரும்பி வந்த புறாவுக்குப் பயம் பிடிச்சிருக்கு, பறக்க முடியல. இமயமலையில ஒரு பௌத்த மடத்துல அந்தப் பயத்தைப் போக்கறதுதான் கடைசிக் கட்டம். எதிரியை அடிச்சு முடிக்கிற கிளைமாக்ஸே கிடையாது.

கிட்டத்துல வந்ததுன்னா நீலாஞ்சனா ராயோட 'தி வைல்டிங்ஸ்', 2012. டெல்லி நிஜாமுதீன் பகுதியோட தெருப் பூனைகள். மீசை வழியா ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும், ஒரு மாதிரி வைஃபை. மனுஷங்களுக்கு அதுங்க வச்ச பேர் 'பிக்ஃபீட்', பெருங்காலர்கள்னு வச்சுக்கலாம். வில்லனும் ஒரு பூனைதான். மனுஷங்க பின்னணியில மழை வெயில் மாதிரி வந்துட்டுப் போவாங்க. பூனைக்கு அது சரி. யானைக்கு அது நடக்காது. நாலு டன் எடையில இருக்கற ஹீரோ மனுஷங்களைப் பின்னணியா வச்சுக்க முடியாது, மனுஷங்களாலயும் அவனைப் பின்னணியா வச்சுக்க முடியாது.

சரி, அரிக்கொம்பன். மலையாளத்துல 'அரி'ன்னா அரிசி, 'கொம்பன்'னா தந்தம் உள்ள ஆண் யானை. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கத்துல வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைச்சு அரிசி தின்னதால வந்த பேர். அந்த மலையில அப்ப இருந்த மத்த யானைங்க பேரையும் கேளுங்க. பலாப்பழப் பிரியன் சக்கக்கொம்பன். வால் முறிஞ்ச முறிவாலன். மூணார் பக்கம் ஒருத்தன் படையப்பா, ஆமா, நம்ம ரஜினி படத்துப் பேர்தான். எந்த ஃபேன்டஸி எழுத்தாளரும் இதைவிட நல்ல பேர் வச்சிட முடியாது. பேர் வச்சது யார்? அந்த யானைங்களுக்குப் பயந்து ராத்திரி தூங்காம கிடக்கற அதே ஜனங்கதான்.

2023 ஏப்ரல் 29 அன்னைக்கு கேரள வனத்துறை நாலு கும்கிகளை வச்சு அரிக்கொம்பனைப் பிடிச்சு, ரேடியோ காலர் மாட்டி, பெரியார் புலிகள் காப்பகத்துல விட்டாங்க. அது மேகமலைப் பக்கம் இறங்கி, மே 27 அன்னைக்கு கம்பம் டவுனுக்குள்ள வந்துடுச்சு. தெருவுல ஓடின வீடியோவை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. அன்னைக்குக் கீழ விழுந்து அடிபட்ட ஒருத்தர் சில நாள்ல இறந்துட்டார். ஜூன் 5 அன்னைக்குத் தமிழ்நாடு வனத்துறை மறுபடி பிடிச்சு, தெற்கே களக்காடு முண்டந்துறைக் காப்பகத்துல, மேல் கோதையாறு பக்கம் விட்டாங்க. நடுவுல ஆன்லைன்ல ரசிகர் கூட்டமே சேர்ந்துடுச்சு. கொச்சியிலயும் சென்னையிலயும் இருந்தவங்களுக்கு அவன் ஹீரோ. சின்னக்கானல்ல கதவு இல்லாத வீட்ல படுத்திருந்தவங்களுக்கு?

இங்கதான் ஆடம்ஸோட முறை உதவும்னு எனக்குத் தோணுது. முதல்ல யானையோட உடம்பை ஒழுங்கா எழுதணும். யானைக்குக் கண் பார்வை சுமார்தான், மூக்குதான் எல்லாம். ஆப்பிரிக்க யானைக்கு மோப்பத்துக்கான ஜீன்கள் சுமார் 2,000 இருக்குன்னு 2014ல வந்த ஆய்வு சொல்லுது, நம்மளைவிட அஞ்சு மடங்கு. ரெண்டு மூடின டப்பாவுல எதுல தீனி அதிகம்னு ஆசிய யானை மோப்பத்துலயே கண்டுபிடிக்கும். அதோட, மனுஷக் காதுக்குக் கேக்காத தாழ்ந்த ஒலியில அதுங்க பேசிக்கும். 1984ல கேட்டி பெய்ன் ஒரு மிருகக்காட்சி சாலையில யானைக் கூண்டுப் பக்கம் நின்னப்ப காத்துல ஒரு அதிர்வை உணர்ந்து கண்டுபிடிச்சது இது.

இப்ப யோசிங்க. ரேஷன் கடைக்கு மேல போர்டு இருக்கு. நமக்குப் படிக்கத் தெரியும். யானைக்கு அது போர்டு இல்ல, கடையும் இல்ல. சுவருக்குள்ள மலை மாதிரி அரிசி வாசனை வர்ற ஒரு பெட்டி. முயலும் பலகையும் மாதிரியேதான். இதை இப்படி எழுதினா, கடையை உடைக்கிற யானை திருடனும் இல்ல, போராளியும் இல்ல.

அடுத்தது, அதே காட்சியை அத்தை பக்கத்துல இருந்தும் அதே அளவு கவனமா எழுதணும். அவங்களுக்கும் ஒரு உடம்பு இருக்கு. குனிஞ்ச முதுகு, முன்னாடி ஒரு செடி, அதுக்கு அப்பால என்னன்னு தெரியாது. அவங்களும் மூக்கையும் காதையும்தான் நம்பறாங்க. இத்தனை வருஷத்துல அத்தைகிட்ட நான் இதைக் கேட்டதே இல்ல. அன்னைக்குத்தான் கேட்டேன். "முறிஞ்ச செடியில இருந்து பச்ச வாசம் வரும். கூடவே சாணி வாசமும் வந்துச்சுன்னா பேசாம பின்னாடியே நடந்துருவோம். திரும்பி ஓடக் கூடாது"ன்னாங்க. வாசனையை வச்சு ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சுக்கற ரெண்டு பேர், நடுவுல ஒரு ஏலச் செடி. சாகசக் கதைக்கு இதைவிட என்ன வேணும்?

வில்லன் இல்லாம பதற்றம் வருமான்னு சந்தேகம் இருந்தா வால்பாறையைப் பாருங்க. அங்க நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்காரங்க, யானை எங்க நிக்குதுன்னு சாயங்காலம் எஸ்எம்எஸ்லயும் உள்ளூர் கேபிள் டிவியிலயும் தகவல் கொடுக்கற முறையைக் கொண்டுவந்தாங்க. ரோட்டோரத்துல ஃபோன்லயே எரிய வைக்கிற சிவப்பு விளக்கு வச்சாங்க. விளக்கு எரிஞ்சா பக்கத்துல யானை. பஸ்ஸை விட்டு இறங்குற ஒரு பொண்ணு அந்தச் சிவப்பைப் பார்க்கறா, வீட்டுக்கு இன்னும் அரை கிலோமீட்டர் நடக்கணும். யாரும் கெட்டவங்க இல்ல. எனக்கு இதை டைப் பண்ணும்போதே கை சில்லிடுது.

அன்னைக்குத் திரும்பி இறங்கும்போது கதையை முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். இந்த வாட்டி ஜீப் வந்தது. "யானை பாஷையில ஜீப்புக்கு என்ன பேரு மாமா?"ன்னு பையன் கேட்டான். யானைக்கு என்ன தெரியும்னு நீயே சொல்லுடான்னேன். டீசல் வாசனை, மனுஷ வாசனை, உறுமுற சத்தம்னு அடுக்கினான். அத்தை சேர்த்துக்கிட்டாங்க: "எல்லார் மடியிலயும் தூக்குவாளி இருக்கும்ல. மத்தியானச் சோறு."

பையனுக்கு சந்தோஷம் தாங்கல. "அப்போ பேரு சோத்துறுமி!"

"எங்க ஜீப்பு எங்கய்யா உறுமுது? இருமிக்கிட்டேல்ல ஏறுது"ன்னாங்க அத்தை.

பேர் 'சோத்திருமி'ன்னு முடிவாச்சு. பன்னெண்டாவது வளைவுல சோத்திருமி நின்னுடுச்சு, முன்னாடி ரோட்டை மறிச்சு அரிக்கொம்பன். அடுத்து என்னன்னு நான் யோசிக்கறதுக்குள்ள அத்தை குறுக்கிட்டாங்க. "மொதல்ல ஜீப்புல யார் யார் இருக்காங்கன்னு சொல்லு. டிரைவரோட சேத்து பதிமூணு பேரு. எல்லாருக்கும் பேரு வேணும்." போடி வர்ற வரைக்கும் பேர்தான் வச்சுக்கிட்டு இருந்தோம். பதினொண்ணு முடிஞ்சிருக்கு.