வினாத்தாளுக்கு அப்பால் ஒரு வெளிக்களம்: மாணவர்கள் தாங்களே உயிரியல் ஆய்வு செய்வது எப்படி?

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த எவரிடமும் ‘தொண்டைமானாறு’ என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கடலேரியோ செல்வச்சந்நிதி கோயிலோ அல்ல. தவணைப் பரீட்சையின் வினாத்தாள்தான் நினைவுக்கு வரும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்கள் அந்த அளவுக்கு நமது மாணவர்களின் வாழ்க்கையோடு கலந்துவிட்டன. அந்தக் கடலேரியை ஒருநாளும் பார்த்திராத வேறு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதன் பெயர் தெரியும்.

ஆனால் நிலையத்தின் பெயரில் இருப்பது ‘வெளிக்களம்’ என்ற சொல். வகுப்பறையை விட்டு வெளியே போய், உயிருள்ளவற்றை அவை வாழும் இடத்திலேயே பார்ப்பது என்பது அதன் பொருள். நமது உயிரியல் கல்வியில் இந்தச் சொல் பெயரோடு ஏன் சுருங்கிப்போனது, அதை எப்படி மீட்கலாம் என்பதே இந்தக் கட்டுரை.

ஏன் சுருங்கியது?

முதற்காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. உயர்தர உயிரியலில் 50 பல்தேர்வு வினாக்கள், அதன்பின் அமைப்புக் கட்டுரை, கட்டுரை வினாக்கள். பல்கலைக்கழக வாசலைத் திறப்பது இசட் புள்ளி. ஒரு தசமத்தில் மருத்துவபீடம் கைநழுவும் இடத்தில், கடலேரிக் கரையில் செலவாகும் ஒரு பின்னேரம் பெற்றோருக்கு வீண்செலவாகத் தெரிவதில் வியப்பில்லை. கல்வியைத் தவிர வேறு எதையும் மிச்சம் வைக்காத ஒரு போரைக் கடந்து வந்த குடும்பங்கள் இவை. அந்தப் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன்.

இரண்டாவது காரணத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. ஒரு தலைமுறைக்கு ‘வெளி’ என்பதே ஆபத்தான இடமாக இருந்தது. பாதையை விட்டு இறங்காதே, பற்றைக்குள் போகாதே, தெரியாத பொருளைத் தொடாதே என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்தோம். அது உயிர் காத்த அறிவுரை. பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. மண்ணைக் கிளறிப் பார், இலையைப் புரட்டிப் பார் என்று சொல்லும் பாடத்தை, மண்ணைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்று ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

செய்முறை வேறு, ஆய்வு வேறு

வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் பார்ப்பது செய்முறை. என்ன தெரியும் என்பது ஆசிரியருக்கும் தெரியும், புத்தகத்திலும் படமாக இருக்கும். அது தேவையானதுதான், ஆனால் அது ஆய்வு அல்ல. கேள்வி மாணவருடையதாக இருக்க வேண்டும். விடையை அளந்து அல்லது எண்ணிப் பெற வேண்டும். அந்த விடை ஆசிரியருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்கக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஆய்வு.

நமது மண்ணிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் பெருகும் என்று நெடுங்காலம் படித்தோம், படிப்பித்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று கரையோரத்தில் பாவனையற்ற கிணறுகளையும், கைவிடப்பட்ட படகுகளையும், எறியப்பட்ட போத்தல்களையும் தேடிப் பார்த்தது. உவர்நீரிலும் குடம்பிகள் இருந்தன. லீற்றருக்கு ஏறத்தாழ 15 கிராம் உப்புள்ள நீரில்கூட அவை காணப்பட்டன. கடல்நீரில் இருப்பது ஏறத்தாழ 35 கிராம். 2011இல் வெளியான இந்த முடிவு, நுளம்பை எங்கே தேடவேண்டும் என்ற கணக்கையே மாற்றியது. அதன் தொடக்கம், கரையில் கிடந்த ஒரு போத்தலை எடுத்துப் பார்த்ததுதான். அந்த அளவுக்கு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையாலும் முடியும்.

ஒரு கேள்வியை எப்படி வளர்ப்பது?

‘யாழ்ப்பாணத்தின் நீர் மாசு’ என்பது தலைப்பு. அதைக் கேள்வி என்று சொல்ல முடியாது. இப்படியான தலைப்புகள்தான் இணையத்தில் பிரதி எடுத்து, வண்ண அட்டை போட்ட செயற்றிட்டக் கோப்பாக முடிகின்றன. வழிகாட்டும் ஆசிரியரின் முதல் வேலை, தலைப்பைக் கைக்கு அடங்கும் கேள்வியாகச் சுருக்க உதவுவது.

தீவகத்தில் பல கிணறுகள் உவர். சுண்ணாம்புக்கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையில்தான் குடாநாடு வாழ்கிறது. மழை சேர்ப்பதைவிட அதிகமாக இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறும். இதைக் கேள்விப்பட்ட ஒரு மாணவி, ‘உவர்நீரில் பயிர் வளருமா?’ என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பயிர், எவ்வளவு உப்பு, வளர்வதை எதை வைத்துச் சொல்வாய் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டால், ‘நீரிலுள்ள உப்பின் அளவு கூடும்போது பயறு முளைக்கும் எண்ணிக்கை குறையுமா?’ என்ற கேள்வி பிறக்கும். இதை ஐந்து நாளில், அடுப்படியில் செய்து பார்க்கலாம்.

மழைநீரில் லீற்றருக்கு 0, 2.5, 5, 10 கிராம் உப்புக் கரைத்து நான்கு கரைசல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் ஈரத்துணியில் 20 பயறு. மொத்தம் 240 பயறு. ஒரே கடையில் வாங்கிய பயறு, ஒரே அளவு நீர், ஒரே மூலை. உப்பு மட்டுமே மாறும். அது சாரா மாறி. உப்பில்லாத தட்டு கட்டுப்பாடு. ஒரு தட்டு போதாதா என்று கேட்பார்கள். ஒரு தட்டில் கெட்ட பயறு கூடுதலாக விழுந்திருக்கலாம். மூன்று தட்டுகளும் ஒரே கதையைச் சொன்னால்தான் நம்பலாம். ‘முளைத்தது’ என்றால் என்ன என்பதையும் முதல் நாளே எழுதிவைக்க வேண்டும். முளைவேர் 2 மில்லிமீற்றர் வெளியே தெரிந்தால் முளைத்தது என்று தீர்மானித்தால், பிறகு கண் விரும்பியபடி எண்ணாது.

எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியாமல், வேரின் நீளத்தில் மட்டும் தெளிவான வித்தியாசம் தெரியக்கூடும். அப்போது மாணவி ‘சேர், பிழைச்சுப் போச்சு’ என்பாள். பிழைக்கவில்லை என்று சொல்லவேண்டிய இடம் அது. ‘முளைப்பதும் வளர்வதும் ஒன்றா?’ என்று அவள் கேட்கத் தொடங்கினால், அந்த ஐந்து நாளில் அதைவிடப் பெரிய பலன் வேறு இல்லை.

வழிகாட்டியின் வேலை

விடை சொல்லாமல் இருப்பதுதான் மிகக் கடினமான வேலை. ‘எப்படித் தெரியும்?’, ‘வேறு காரணம் இருக்கலாமா?’ என்ற இரண்டு கேள்விகள் பெரும்பாலும் போதும். குறிப்புக் கொப்பியில் பேனாவால் எழுதச் சொல்லுங்கள். பிழையான எண்ணை ஒரு கோடு போட்டு வெட்டலாம், அழிக்கக்கூடாது. எதிர்பார்த்த முடிவுக்கு ஏற்ப எண்களைத் திருத்தும் பழக்கம் இந்த வயதில் தொடங்கினால் பிறகு விடாது.

வெளியே போகும்போது சில ஒழுங்குகள் கட்டாயம். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட, மக்கள் நாளாந்தம் புழங்கும் இடங்களை மட்டும் தெரிவு செய்யவேண்டும். சந்தேகத்துக்குரிய எதையும் தொடாமல் உடனே அறிவிக்கவேண்டும். மணற்பாங்கான இடங்களில் சுருட்டை விரியன் உண்டு; சப்பாத்து அவசியம். கிணற்றுக்கட்டில் தனியே குனியக்கூடாது. சுண்டிக்குளம் போன்ற தேசிய பூங்காவில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பறவையை எண்ணலாம், பிடிக்கக்கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. ‘உங்கள் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவாருங்கள்’ என்று வகுப்பில் சொல்வது எளிது. சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாத, உறவினர் வளவில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வசனம் குத்தும். ‘நீங்கள் தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து’ என்று சொன்னால் எவரும் ஒதுக்கப்படமாட்டார்கள்.

எதற்காக இவ்வளவு?

சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரத்தை நாம் மறக்கவில்லை. நீரில் மணம் வருகிறது என்று மக்கள் சொன்னார்கள். ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எதை நம்புவது, எதைக் குடிப்பது என்று தெரியாமல் குடும்பங்கள் தவித்தன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி உத்தரவிட்டது. அந்த வழக்கில் கிணறுகளிலிருந்து எடுத்த மாதிரிகளின் அளவீடுகள் எடை பெற்றன. எங்கே, எப்போது, எத்தனை மாதிரி, எந்த முறையில் என்று கேட்கத் தெரிந்த ஒரு சமூகத்தை முரண்பட்ட அறிக்கைகளால் இலகுவில் குழப்பமுடியாது. குடாநாட்டுக் கிணறுகளின் நைத்திரேற்றுப் பிரச்சினையும் அப்படித்தான். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை வாசிப்பதற்கும், அது தன் கிணற்றுக்கு என்ன பொருள் என்று கேட்பதற்கும் இடையில் ஒரு பயிற்சி தேவை. பயற்றந் தட்டில் அந்தப் பயிற்சியைத் தொடங்கலாம்.

பெற்றோருக்கு ஒரு யோசனை. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் மறுநாளே உயர்தர ரியூசனுக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். வாரத்தில் ஒரு பின்னேரத்தை மட்டும் மிச்சம் வையுங்கள். ஒரு கொப்பி, ஓர் அடிமட்டம், பிள்ளையின் சொந்தக் கேள்வி ஒன்று. செலவு ஒரு சுண்டு பயறுதான்.